மழைக்கால அடுப்படி: விறகா, சாண எரிவாயுவா, சிலிண்டரா, கரண்டா?

ஊரில் இருக்கிற அம்மாவுக்கு எந்த அடுப்பு வாங்கிக் கொடுக்கலாம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் விலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். சிலிண்டர் இவ்வளவு, கரண்டு பில் இவ்வளவு, விறகு சும்மா கிடைக்கிறது, இப்படி. நான் ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிப்பேன். சித்திரை வெயிலில் கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, சருகாகக் காய்ந்த தென்னை மட்டையைச் செருகிப் பற்றவைத்தால் எந்த அடுப்பும் நல்ல அடுப்புதான், புகை காற்றோடு போய்விடும். மழை பிடித்துக்கொண்டு, கொல்லையில் கணுக்கால் தண்ணீர் நின்று, விறகு நமத்துப்போய், அடுப்பும் வீட்டுக்குள் வந்து சேர்கிற அந்த மாதங்கள்தான் கணக்கு. டெல்டாவில் எந்த அடுப்பு என்று முடிவு செய்ய வேண்டியது அந்த மாதங்களை வைத்துத்தான்.

வெட்டி அதிக நாளாகாத விறகில் கிட்டத்தட்ட பாதி எடை தண்ணீர். தீயின் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது, அடுப்பு சூடேறாது, சூடேறாத நெருப்பில் விறகு முழுசாக எரியாது, எரியாமல் தப்பியதெல்லாம் புகையாக வெளியே வரும். சீமைக்கருவேல முள்ளுக்கு நம் பக்கம் இவ்வளவு கிராக்கி இருப்பதற்குக் காரணமே அது கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் நின்று எரியும், கங்கு பிடிக்கும் என்பதுதான். மட்டையும் பாளையும் பன்னாடையும் குப்பென்று பற்றி அடங்கிவிடும், பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உளுந்துச் செடிச் சக்கை, பருத்தி மார், எள் தட்டை எல்லாம் இந்த வகைதான். வரட்டி மெதுவாக எரியும், ஆனால் இவை எல்லாவற்றிலும் மோசமான புகை வரட்டிப் புகை. இதில் தள்ளிக்கொண்டே இருப்பது என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஊதாங்குழலை வாயில் வைத்துக்கொண்டு அடுப்பு வாய்க்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்திருப்பது என்று அர்த்தம்.

அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரிகிற கரியைவிடத் தெரியாத நுண்துகள்தான் வில்லங்கம். பிஎம் 2.5 என்பார்கள், நுரையீரலின் அடி வரைக்கும் போகும், ரத்தத்திலும் கலக்கும். கூடவே கார்பன் மோனாக்சைடு, பென்சீன், ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனம் 2021ல் வைத்த வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணிநேரச் சராசரி 15 மைக்ரோகிராம். நம் நாட்டு அளவுகோல் 60. காற்றோட்டம் இல்லாத விறகு அடுப்படியில் சமைக்கிற நேரத்தில் இது பல நூறு போகும், ஆயிரத்தையும் தாண்டும். வீட்டுக்குள் அடுப்புப் புகையால் 2020ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது அதே நிறுவனத்தின் மதிப்பீடு. குழந்தைகளுக்கு நிமோனியா, பெரியவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய், கண்புரை. ஊரில் பீடியைக் கையால்கூடத் தொடாத எத்தனை அப்பாயிகளுக்கு இளைப்பு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இன்ஹேலர் வாங்கிக் கொடுக்கிற மகன்கள் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இந்த இடத்தில் கேஸ் விற்கிறவர் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது நம் நாகப்பட்டினத்திலேயே நடந்தது. ஹாப்பின் என்று ஒரு பெரிய ஆய்வு, இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்களை வைத்துச் செய்தார்கள். இந்தியப் பகுதியை நடத்தியது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம், ஆள் சேர்த்த இடங்களில் ஒன்று நாகப்பட்டினம் மாவட்டம். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் பதினெட்டு மாதத்துக்கு இலவச கேஸும், மீதிப் பேர் வழக்கம்போல விறகு. கேஸ் பக்கம் கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் 24 மைக்ரோகிராம் அளவுக்கு இறங்கியது, விறகுப் பக்கம் 70. மூன்றில் ஒரு பங்கு! ஆனால் 2022ல் முடிவு வந்தபோது குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, 2024ல் வந்த முடிவில் கடுமையான நிமோனியாவிலும் இல்லை. புகை அடுப்பின் ஆதரவாளர்கள் யாராவது இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்பதால்தான் சொல்கிறேன். நான் இதை எடுத்துக்கொள்வது இப்படி: பிள்ளை எடை கூடிப் பிறக்கும் என்று உறுதி சொல்லி யாருக்கும் சிலிண்டர் வாங்கித் தராதீர்கள். சமைக்கிறவரின் கண்ணெரிச்சலும் இருமலும் குறைய, முப்பது வருஷம் சேர்கிற நுரையீரல் சேதத்தைக் குறைக்க, சுள்ளி பொறுக்கப் போகிற நேரத்தை மிச்சம் பிடிக்க வாங்கித் தாருங்கள். இதற்கு அந்த 70க்கும் 24க்கும் உள்ள இடைவெளியே போதும்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

முதலில் விறகையே வைத்துக்கொண்டு சமாளிப்பது. தென்னந்தோப்பு உள்ளவர்களுக்கு இது நிஜமாகவே காசில்லாத எரிபொருள், பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் மட்டைக்குப் பஞ்சமே இல்லை. கொட்டாங்கச்சியை மட்டும் எரிக்காமல் விற்றுவிடுங்கள், கரி சுட வாங்கிப் போகிறார்கள். மற்றவர்களுக்கு விறகு சும்மா கிடைப்பதில்லை, அரை நாள் உழைப்பில் கிடைக்கிறது, அந்த அரை நாளுக்கு யாரும் கூலி போடுவதில்லை என்பதால் சும்மா மாதிரித் தெரிகிறது. இருந்தாலும் விறகுதான் என்று முடிவானால், செய்யக்கூடியது இரண்டு. கோடையிலேயே மழைக்கான விறகைப் பிளந்து, தரையில் போடாமல் பரண் மாதிரி தூக்கி அடுக்கி, மேலே தகரமோ தார்ப்பாயோ போட்டு, பக்கவாட்டில் காற்றுப் போக விட்டுவிட வேண்டும். அப்புறம் அடுப்பை வீட்டு அடுப்படியிலிருந்து பிரித்து, மூன்று பக்கம் திறந்த ஒரு கொட்டகைக்கு மாற்ற வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டிருந்த பழைய ஓட்டு வீட்டுக்காரர்கள் தெரிந்துதான் விட்டிருக்கிறார்கள், இப்போது தொகுப்பு வீட்டில் தளம் போட்டு நாலு பக்கமும் அடைத்துவிட்டு அதே விறகு அடுப்பை உள்ளே வைத்தால் அது அடுப்படி இல்லை, புகைக்கூண்டு. பற்றவைக்க பாலித்தீன் பையைச் செருகுகிற பழக்கத்தை மட்டும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது புகைபோக்கி வைத்த அடுப்பு, புகையில்லா அடுப்பு, மின்விசிறி வைத்த அடுப்பு என்று பல பெயரில் வருகிற மேம்படுத்திய விறகு அடுப்புகள். இதில் எனக்கு நம்பிக்கை குறைவு, காரணம் சொல்கிறேன். எண்பதுகளில் மத்திய அரசு நாடு முழுக்க கோடிக்கணக்கில் இப்படிப்பட்ட அடுப்புகளைக் கொடுத்தது, 2002ல் திட்டத்தையே மூடியது. நம் ஊர்களிலும் அந்தச் சிமெண்டுக் குழாய் கட்டின அடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள், குழாயில் கரி அடைத்துக்கொள்ளும், சுத்தம் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது, ஒரு நாள் இடித்துவிட்டுப் பழைய கொடி அடுப்பையே பூசிக்கொள்வார்கள். ஒடிசாவில் பொருளாதார அறிஞர்கள் நாலைந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்தபோதும் இதே கதைதான், முதல் வருஷம் புகை குறைந்தது, பிறகு அடுப்பு உடைந்தது, யாரும் சரிசெய்யவில்லை, பலன் காணாமல் போனது. மலாவி நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் விசிறி வைத்த அடுப்பு கொடுத்தும் நிமோனியா குறையவில்லை. குவாத்தமாலாவில் புகைபோக்கி வைத்ததில் கடுமையான நிமோனியா மட்டும் குறைந்தது, அது ஒன்றுதான் ஆறுதல்.

பாதிப் புகையைக் குறைத்தால் பாதி நோய் குறையும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. நுண்துகளுக்கும் இதய நோய் மாதிரியானவற்றுக்கும் உள்ள உறவைக் கோடாகப் போட்டால், அது முதலில் செங்குத்தாக ஏறிவிட்டு அப்புறம் படுத்துக்கொள்கிறது. அதனால் 400ஐ 200 ஆக்குவதில் கிடைப்பது கொஞ்சம், 60ஐ 20 ஆக்குவதில் கிடைப்பது நிறைய. அரைகுறையாகப் புகை குறைக்கிற எந்தச் சாமானுக்கும் காசு போடுவதற்கு முன்னால் இதை யோசித்துப் பாருங்கள்.

சாண எரிவாயு. மனசுக்குப் பிடித்தது இதுதான், கணக்கும் பிரமாதமாக வரும். தினம் 25 கிலோ சாணம் இருந்தால் ஒரு கனமீட்டர் வாயு, அதற்கு இரண்டு மூன்று மாடு வேண்டும். ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 430 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம், மாதம் பதிமூன்று கிலோ, கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர். கழிவாக வருகிற குழம்பு வயலுக்கு நல்ல உரம், கேஸ் எரியும்போது புகை கிடையாது. நம் பக்கத்து வெயிலுக்கு வருஷம் முழுக்க நன்றாக நொதிக்கும், வடநாட்டுக் குளிர்காலப் பிரச்சினை இல்லை. அப்படியானால் ஏன் எல்லார் வீட்டிலும் இல்லை? மாடு எங்கே இருக்கிறது! உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு மெஷின் வந்த பிறகு கட்டுத்தறி காலியாகிவிட்டது, இருக்கிற ஒன்றிரண்டு கறவை மாட்டின் சாணம் மதகடி வரைக்கும் மேய்ந்த இடமெல்லாம் கிடக்கிறது. தீனபந்து மாதிரி நிலத்துக்குள் கட்டுகிற கலனுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற இடத்தில் குழி தோண்டுவதே பாடு. மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறந்தால் ஊரே முகாமுக்குப் போகிற கொள்ளிடக்கரைத் திட்டுக் கிராமங்களில் இதை யோசிக்கவே வேண்டாம். தினமும் சாணத்தையும் தண்ணீரையும் சரிக்குச் சரி கரைத்து ஊற்ற ஆளும் வேண்டும், அறுபத்தைந்து வயசு அம்மாவை வைத்து அந்தத் திட்டத்தைப் போடாதீர்கள். வீட்டில் கட்டிப்போட்டு வளர்க்கிற மாடு மூன்று, மேட்டு மனை, கைவேலைக்கு ஒரு ஆள், இந்த மூன்றும் அமைந்த வீட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது. அமையாத வீட்டில் ஒரு வருஷத்தில் கலன் தொட்டியாகிவிடும்.

இனி சிலிண்டர். தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு இலவச கேஸ் அடுப்பு, 2016 மே மாதத்திலிருந்து மத்திய அரசின் உஜ்வாலா என்று இணைப்பு ஏற்கெனவே பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது, ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டு வீடுகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் சுத்தமான எரிபொருள் பயன்படுத்துகின்றன. ஆக அம்மா வீட்டில் கேஸ் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அது எதற்கு எரிகிறது என்பதுதான் கேள்வி. காலையில் காபி, விருந்தாளி வந்தால் டீ, அவ்வளவுதான், சோறும் குழம்பும் வெந்நீரும் கொல்லை அடுப்பில். உஜ்வாலா இணைப்புகளில் வருஷத்துக்கு எத்தனை சிலிண்டர் வாங்குகிறார்கள் என்று பார்த்தால் 2019-20ல் சராசரி மூன்றுதான், 2024-25ல்கூட நாலரைக்குப் பக்கம். நாலு பேர் உள்ள வீட்டில் முழுச் சமையலும் கேஸில் என்றால் ஏழு எட்டு வேண்டும். மீதி எல்லாம் புகை.

ஏன் சிக்கனம் பிடிக்கிறார்கள் என்று கேட்டால் காசு ஒரு காரணம், இன்னொன்று பயம், தீர்ந்துபோனால் அடுத்தது வர எத்தனை நாளாகுமோ என்ற பயம். ஒற்றைச் சிலிண்டர் வீட்டில் அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் புது அடுப்பு வாங்குவதற்கு முன்னால் இரண்டாவது சிலிண்டருக்குப் பணம் கட்டுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். கையிருப்பில் ஒன்று நிறைந்து நிற்கிறது என்று தெரிந்தால் அம்மா தாராளமாகத் திருப்புவார். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும், அதனால் ஜன்னல் மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எத்தனை வீட்டில் அது அடுப்பு வாங்கியபோது வந்த குழாயாகவே இருக்கிறது!

டெல்டாவில் கேஸைப் பற்றிப் பேசினால் ஒரு வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வரும். நரிமணத்திலும் கமலாபுரத்திலும் குத்தாலத்திலும் நிலத்தைத் துளைத்து எண்ணெயும் வாயுவும் எடுக்கிறார்கள், அந்தக் கிணறுகளைச் சுற்றி வேலியில் முளைத்த கருவேலத்தை வெட்டித்தான் பக்கத்துத் தெருவில் சோறு வேகிறது. இது தனிக் கதை, விடுங்கள்.

கரண்டு அடுப்பு, அதாவது இண்டக்‌ஷன். வீட்டுக்குள் எதுவுமே எரிவதில்லை என்பதால் புகைக் கணக்கில் இதுதான் முதலிடம். தாளிப்பு நெடியும் எண்ணெய்ப் புகையும் மட்டும் மிச்சம். செலவைப் பார்ப்போம், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தருகிற சமையல் சூட்டை இண்டக்‌ஷனில் எடுக்க 125 முதல் 130 யூனிட் ஆகும். 2024 கட்டணப்படி 400 யூனிட் வரைக்கும் யூனிட்டுக்கு 4 ரூபாய் 80 காசு, ஆக அறுநூறு ரூபாய்ச் சொச்சம். மானியம் இல்லாத சிலிண்டரைவிட இது மலிவு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் வேறு, இரண்டு விளக்கும் ஒரு ஃபேனும் டிவியும் மட்டும் ஓடுகிற வயசானவர்கள் வீட்டில் அந்த நூறில் மிச்சம் இருக்கும், அதைச் சமையலுக்குத் திருப்பினால் அந்த அளவுக்குச் சமையல் இலவசம். ஏசி ஓடுகிற பெரிய வீடாக இருந்து மொத்தம் ஐநூறைத் தாண்டினால் யூனிட் விலை கிடுகிடுவென்று ஏறும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

ஆனால் மண்சட்டி இதில் வேகாது. அலுமினியக் குண்டானும் வேகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற, தட்டையான பாத்திரம்தான் வேண்டும், மண்சட்டியில் வைக்காத மீன் குழம்பை மீன் குழம்பாகவே ஒப்புக்கொள்ளாத ஊரில் இது சாதாரண ஆட்சேபம் இல்லை. இன்ஃப்ராரெட் அடுப்பு என்று ஒன்று வருகிறது, அதில் எந்தப் பாத்திரமும் வைக்கலாம், சூடேற நேரமாகும், மேல்தட்டு அணைத்த பிறகும் சுடும், பேரப்பிள்ளை வருகிற வீட்டில் கவனம். ஊரெல்லாம் மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் இண்டக்‌ஷன் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும். அப்புறம் புயல். 2018 நவம்பர் 16 கஜா கரையேறிய பிறகு வேதாரண்யத்திலும் பட்டுக்கோட்டைப் பக்கமும் வாரக்கணக்கில் கரண்டு இல்லை, விழுந்த தென்னையைத்தான் எரித்துச் சமைத்தோம். அதனால் கரண்டை மட்டும் நம்பி டெல்டாவில் யாரும் அடுப்படி அமைக்கக் கூடாது. கேஸும் கரண்டும் ஜோடியாக இருக்க வேண்டும், ஒன்று கைவிட்டால் மற்றது.

இவ்வளவு செய்தும் புகை போகாத வீடுகள் உண்டு, வெந்நீர் அடுப்பால். நிறையப் பேர் இதைச் சமையல் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மார்கழியில் விடிகாலை நாலரைக்கே பற்றவைத்து, வீட்டில் கடைசி ஆள் குளிக்கிற வரைக்கும் இரண்டு மூன்று மணிநேரம் எரிகிற அடுப்பு அது, பச்சை மட்டை, நனைந்த சருகு, குப்பை எல்லாம் போகிற இடமும் அதுதான். "கேஸ்ல போட்ட வெந்நி உடம்புக்கு ஒத்துக்காதுப்பா" என்பார் அம்மா. வாதாட வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரை நம் ஊர்க் குளிருக்குக் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர அரை யூனிட் போதும், இரண்டரை ரூபாய். வாளியில் முக்குகிற ராடு ஷாக் அடிக்கும் சாமான், வயசானவர்கள் கையில் கொடுக்காதீர்கள், சுவரில் மாட்டுகிற சின்ன கீஸர் ஒன்று போட்டுவிடுங்கள். ஒரு வீட்டுப் புகையில் பெரிய துண்டு இங்கேதான் போகும் என்பது என் அனுபவம். நெல் அவிப்பது எப்போதாவது ஒருமுறை, அதுவும் களத்தில், அதைப் பற்றி மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இன்னொன்று, அடுப்பைச் சரிசெய்துவிட்டு ராத்திரி ஜன்னலைச் சாத்திக் கொசுவத்திச் சுருளைக் கொளுத்திவைத்தால் பாதி வேலை வீண். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். டெல்டாக் கொசுவுக்கு வலைதான் சரி.

கையில் உள்ள பணத்துக்கு வரிசை கேட்டால் நான் சொல்வது: முதலில் இரண்டாவது சிலிண்டர், அப்புறம் வெந்நீருக்கு வழி, மூன்றாவதாக இண்டக்‌ஷன். எக்ஸாஸ்ட் ஃபேன் அதற்குப் பிறகு போதும். கொல்லை அடுப்பை இடிக்கச் சொல்லி அம்மாவோடு சண்டை போடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கும் புயலுக்கும் அது இருக்கட்டும், வீட்டுக்குள் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டால் சரி. இண்டக்‌ஷன் 2000 வாட் இழுக்கும், பழைய வீட்டு அடுப்படியில் இருக்கிற சின்ன பிளக்கில் செருகினால் பிளக் உருகிவிடும், அதனால் அடுப்பு வாங்குகிற அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்று தனி ஒயரில் இழுக்கச் சொல்லுங்கள், எர்த் ஒழுங்காக வருகிறதா என்று அவர் பார்த்துவிட்டுப் போகட்டும்.